மணவிழாவிற்கு வருவோர் அறிய

திருமண அழைப்பிதழ் என்பது மிகச் சில செய்திகளை மிகுந்த அலங்காரத்தோடு கூறும் ஓர் எழுத்தாகும். மணமக்களின் பெயர், பெற்றோரின் பெயர், நாள், முகூர்த்தம், இடம் என்னும் ஐந்துக்கு அப்பால் அதிலே அறியத்தக்கது யாதுமில்லை. உள்ளூரவர்க்கு அவ்வைந்தும்கூட மிகையே. மணநாள் குறிக்கப்பட்ட அன்று மாலைக்குள் அச்செய்தி தெருவெங்கும் பரவிவிடும். ஆனால் தொலைவிலிருந்து வருபவனுக்கோ அவை போதா. எவ்வழியாக வருவது, எங்கே இறங்குவது, இரவு எங்கே தங்குவது, யாரை எவ்வாறு அழைப்பது என்பனவற்றுள் ஒன்றையேனும் அழைப்பிதழ் கூறுவதில்லை. முற்காலத்தில் இக்குறையை அழைக்க வந்தவரின் வாய்ச்சொல் நிறைத்தது. வெற்றிலைத் தட்டத்தோடு வந்தவர் திண்ணையிலே அமர்ந்து வழியையும் சொன்னார். வராவிட்டால் வருந்துவோம் என்பதையும் சொன்னார். இன்று அழைப்பிதழ் கைப்பேசியிலே படமாக வந்து சேர்கின்றது. வாய்ச்சொல் விட்டுச் சென்ற வெற்றிடத்தை எழுத்து நிரப்பவேண்டியதாகின்றது.

அண்மையில் உடப்பிலே ஒரு வீட்டில் வைகாசி மாதத்தில் மணவிழா ஒன்று ஏற்பாடாயிற்று. மணமகளின் தங்கை பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலே இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுடைய தோழியரும் தோழரும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, அட்டன், குருநாகல் எனப் பல திசைகளிலிருந்து வருவதாயிருந்தனர். அவர்களுள் இருவர் சிங்கள மாணவியர். "படித்தவள் நீதானே, வாறவங்களுக்கு ஒரு தாள் எழுதிக் குடு" என்று வீட்டார் அவளிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். ஒரு தாள் எழுதுவது ஒரு நாள் வேலையென்று அவள் எண்ணினாள். ஆனால் அது முடிய மூன்று வாரங்கள் சென்றன.

உடப்பு, புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையிலே, சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் அமைந்துள்ள தமிழ்க் கிராமம். ஒருபுறம் கடல், மறுபுறம் ஒல்லாந்தர் கால்வாயும் முந்தற் கடனீரேரியும். இடைப்பட்ட மணற்பரப்பிலே வீடுகள் ஒன்றோடொன்று தோளுரசி நிற்கின்றன. ஒழுங்கைகளோ இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி வழிவிடவேண்டிய அகலமுடையன. இராமேசுவரப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்து வந்தவர்களே தம் முன்னோர் என்பது ஊரவரின் மரபுக் கதை. கடற்றொழில் அவர்களது வாழ்வு; திரௌபதையம்மன் கோயில் அவ்வாழ்வின் நடு. மீன்பிடிப்பும் கருவாடும் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலும் அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவன.

தாளின் முதற்பகுதி வழி பற்றியது. அதனை எழுதுவது எளிதாயிருந்தது. கொழும்பிலிருந்து வருவோர் புத்தளம் வீதியிலே ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவில் சிலாபத்தை அடைவர். அதற்கப்பால் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வடக்கே பத்துளு ஓயாச் சந்தி. அங்கே இறங்கி மேற்கு நோக்கித் திரும்பவேண்டும். கண்டிப் பக்கத்திலிருந்து வருவோர்க்குக் குருநாகல் வழியாகச் சிலாபத்தை அடைவது நன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வருவோர் வவுனியா, அனுராதபுரம், புத்தளம் என வந்து தெற்கே இறங்குதல் வேண்டும். தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவர்க்கு மன்னாரிலிருந்து புத்தளத்துக்குக் கரையோரமாக ஒரு குறுக்குவழி தோன்றும். அது வில்பத்து வனத்தினூடே செல்வதாதலின் அதனை நம்பிப் புறப்படலாகாது. புகையிரதப் பாதை 1926ஆம் ஆண்டிலே புத்தளம் வரை நீண்டது. எனினும் சிலாபத்துக்கு வடக்கே வண்டிகள் எக்காலத்தும் அரிதாகையால், மணவீட்டுக்கு வருவோர் சிலாபத்திலே பஸ் ஏறுவதே உறுதியான வழி. பஸ்ஸின் பெயர்ப்பலகையிலே 'உடப்புவ' என்னும் சிங்கள வடிவத்தைக் கண்டு வேறு ஊரென்று ஐயுறல் வேண்டா.

வழிநெடுக வரும் ஊர்ப்பெயர்களையும் அவள் எழுதினாள். ஆனைவிழுந்தான், புளிச்சாக்குளம், முந்தல், மதுரங்குளி, பாலாவி, தில்லையடி. பெயர்கள் யாவும் தமிழ். ஆயின் அவ்வூர்களிற் சிலவற்றின் இன்றைய பேச்சு சிங்களம். இவ்வேறுபாட்டை அப்போது அவள் பெரிதாக எண்ணவில்லை. பின்னரே அது அவளை வந்து தொட்டது.

இரண்டாம் பகுதி அயலிலே காணத்தக்க இடங்கள் பற்றியது. இதனை அவள் மிகுந்த ஊக்கத்துடன் எழுதினாள். கற்பிட்டிக் கடலில் ஓங்கில் மீன்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளுதல், உடப்புக் கரையிலே கரைவலை இழுத்தல், ஆனைவிழுந்தான் குளங்களிலே வலசை வரும் பறவைகள், திரௌபதையம்மன் கோயிற் தீமிதிப்பு என அது நீண்டது. எழுதி முடித்து இரவிலே வீட்டாருக்குப் படித்துக் காட்டினாள். அவளுடைய தந்தையார் கரைவலைத் தொழிலாளி. பாடசாலையை இளமையிலேயே விட்டவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டிருந்து, "எல்லாஞ் சரி. ஆனா வைகாசியில இதுல ஒண்டையும் அவங்க பாக்க மாட்டாங்களே" என்றார்.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. மேற்குக் கரையிலே கடல் அமைதியாயிருப்பது ஏறத்தாழ ஐப்பசி தொடக்கம் சித்திரை வரையே. கரைவலை இழுப்பதும் அக்காலத்தில். கற்பிட்டியில் ஓங்கில்களைக் காண்பதும் அக்காலத்தில். வடபுலப் பறவைகள் வந்து தங்கிச் செல்வதும் அக்காலத்தில். வைகாசியிலோ தென்மேற்குக் காற்று எழுந்துவிடும். கடல் சினந்து கரையை அறுக்கும். தோணிகள் மணலிலே ஏறிக் கிடக்கும். தீமிதிப்போ ஆடிமாதத் திருவிழாவின் நிறைவு. பாரதப் போர் 18 நாள் என்பதற்கிணங்க 18 நாள் நிகழும் விழா அது. பாரதக் கதை படிக்கப்பட்டு, அதன் நிகழ்ச்சிகள் சில நடித்துக் காட்டப்பட்டு, இறுதியிலே அடியார் தீயில் இறங்குவர். ஆடியிலே தமிழர் மணம் செய்வதில்லை. ஆகவே உடப்பிலே மணவிழாவையும் தீமிதிப்பையும் ஒரே பயணத்திற் காண விழைபவன் என்றும் ஏமாற்றமே அடைவான்.

இது தற்செயலானதன்று. மணநாளைக் கோள்கள் மட்டும் குறிப்பதில்லை, கடலும் குறிக்கின்றது. கரைவலைப் பருவம் முடிந்து, சம்மாட்டியுடன் கணக்குத் தீர்ந்து, கையிலே சிறிது பணம் நிற்கும் காலம் சித்திரையை அடுத்த காலமே. வேலை இன்மையால் ஆண்கள் வீட்டிலிருப்பதும் அப்போதுதான். ஆடி பிறந்தால் ஊர் அம்மனுக்குரியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்திலேதான் ஒரு கடற்றொழிலாளி தன் மகளுக்கு மணம் முடிக்க இயலும். ஆதலால் விருந்தினன் காண விரும்பும் காட்சிகள் இல்லாத காலமே அவன் அழைக்கப்படும் காலமாகின்றது. இவ்வுண்மையைத் தந்தையார் ஒரு வினாவாகவும் கேட்டார்: "அவங்க கலியாணத்துக்கு வாறாங்களா, ஊர் பாக்க வாறாங்களா?"

அவ்வினாவிற்கு உடனே விடை கூற அவளால் இயலவில்லை. இரண்டும் ஏன் ஒன்றாகக் கூடாது என்பது அவளது எண்ணம். அவ்வெண்ணத்துக்கு வரலாற்றிலே சான்றும் உண்டு. மொறோக்கோ நாட்டுப் பயணியான இபின் பதூதா 1344ஆம் ஆண்டில் இக்கரையை வந்தடைந்தார். அவர் 'பத்தாலா' எனக் குறிப்பிடும் இடம் புத்தளமே என்பர். அங்கே ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்று உபசரித்து, வேண்டுவதைக் கேட்குமாறு பணித்தபோது, பாவாதமலையின் திருவடியைக் காணும் விருப்பம் ஒன்றையே அவர் கூறினார். அரசன் பல்லக்கு அளித்து, ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் யோகியர் 4 பேரையும், அந்தணர் 3 பேரையும், வேறு தோழர் 10 பேரையும், உணவுப்பொருள் சுமப்போர் 15 பேரையும் உடன் அனுப்பினான் எனப் பயணி எழுதியுள்ளார். அவர் வழியிலே தங்கிய 'பந்தர் சலாவாத்' சிலாபமெனக் கருதப்படுகின்றது. அவ்வாறாயின், இன்று பஸ் ஓடும் இக்கரையோரமாகவே அவரும் சென்றிருத்தல் வேண்டும். அன்றைய விருந்தோம்பலிலே வழிக்குறிப்பு என்பது தாளன்று; வழியறிந்த மனிதரே. விருந்தினனுக்கு இடங்காட்டுதல் இக்கரைக்குப் புதிதன்று என்பது இதனாற் புலனாகின்றது.

எனினும் தந்தையாரின் வினா அவளை விட்டு நீங்கவில்லை. இபின் பதூதா தான் காண விரும்பியதை வாய்விட்டுக் கேட்டார். அவளுடைய தாளோ, கேளாதவர்க்கும் தன் ஊரைக் கடைவிரித்துக் காட்டியது. வலை இழுப்பவரின் உழைப்பும் தீயில் இறங்குபவரின் நேர்த்தியும் அதிலே ஓங்கில்களோடு ஒரே வரிசையில் நின்றன. அவ்வலையை இழுத்து வடுப்பட்ட கைகள் தன் தந்தையாருடையவை என்பதை எழுதும்போது அவள் மறந்திருக்கவில்லை. ஆயினும் தாளைப் படிப்பவர் அதனை அறியமாட்டார். ஆகவே இரண்டாம் பகுதியை அவள் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலானாள்.

புதிய தாளிலே காணத்தக்கவற்றுக்கு முன் காணமுடியாதவற்றை வைத்தாள். இக்காலத்தில் கடலிற் குளிக்கலாகாது, காற்றுக் காலம். கரைவலை காணவேண்டின் தை மாதத்தில் வருக. வீடு அப்போதும் இங்கேயே இருக்கும். தீமிதிப்புக் காண ஆடியில் வருக; ஆயின் கோயிலுக்கு வருவோர் கோயிலுக்கு வருவோராகவே வருதல் வேண்டும். மணவீட்டிலன்றி வேறெங்கும் கேளாமற் படம் பிடித்தல் வேண்டா. இவ்வளவும் எழுதியபின், ஒருநாள் மேலதிகமாகத் தங்குவோர்க்கெனச் சில இடங்களைக் குறித்தாள்.

சிலாபத்துக்குக் கிழக்கே சில கிலோமீற்றரில் உள்ள முன்னேசுவரம் அவற்றுள் முதன்மையானது. போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட அச்சிவாலயத்தைக் கண்டி மன்னன் கீர்த்திசிறீ இராசசிங்கன் 18ஆம் நூற்றாண்டிலே மீளமைப்பித்தான். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து வணங்கும் இடம் அது. குருநாகலிலிருந்து வரும் தோழியர்க்கு அது வழியிலேயே உள்ளது. உடப்புக்கு அண்மையில் உள்ள ஆனைவிழுந்தான் குளத்தொகுதி 2001ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஒன்றன் நீர் மற்றொன்றிற் பாயுமாறு முன்னோர் அமைத்த குளங்கள் அவை. வலசைப் பறவைகள் இல்லாத காலத்திலும் நீர்க்காகங்களை அங்கே காணலாம். வடக்கே பாலாவிச் சந்தியிலே திரும்பினால் கற்பிட்டி. 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் கோட்டை அங்குண்டு. கலைப்பீடத்தவர்க்கு அவ்வூர் மற்றொரு காரணத்தாலும் உரியது. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் 'தமிழ் புளூராக்' என 1859இல் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்தது கற்பிட்டியிலே. இலங்கையின் ஊர்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து 1834இலேயே நூலாக்கியவரும் அவரே. அந்நிலையில் இக்கரையிற் பிறந்த ஒருத்தி வருவோர்க்கு ஒரு தாள் எழுதுவதும் ஒரு சிறு மரபுத்தொடர்ச்சி எனலாம்.

புத்தளத்திலே தேநீர் அருந்த இறங்கும் யாழ்ப்பாணத்துத் தோழர், கடையிலே தம் ஊர்ப் பேச்சைக் கேட்டு வியக்கக்கூடும் என்றும் ஒரு வரி சேர்த்தாள். 1990ஆம் ஆண்டில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே வந்து தங்கினர். காரணம் எழுதவில்லை, அறியவேண்டியவர் அக்கடையிலேயே கேட்டறியட்டும் என விட்டாள்.

மூன்றாம் பகுதி தங்குமிடமும் உணவும். "தங்குமிட வசதி உண்டு" என்னும் மூன்று சொற்களோடு அதை முடிக்க அவள் எண்ணியிருந்தாள். ஆனால் அம்மூன்று சொற்களின் பின்னே எத்தனை வீடுகள் நிற்கின்றன என்பதைத் தாயார் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஊரிலே விடுதி இல்லை. வரும் 30 பேரை 11 வீடுகள் பங்கிட்டுக் கொண்டன. கட்டில் உள்ள வீட்டார் கட்டிலை விருந்தினர்க்கு விட்டுத் தாம் முற்றத்துப் பாயிலே படுப்பர். இதனை எழுதினால் வருவோர் கூசுவர். எழுதாவிட்டாலோ, தமக்குக் கிடைத்தது யாருடைய உறக்கம் என்பதை அறியாமலே போவர். நெடுநேரம் எண்ணியபின், "நீங்கள் தங்கும் வீட்டாரின் பெயரைக் கேட்டறிந்து, புறப்படும்போது அவர்களிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்" என்று மட்டும் எழுதினாள். நீரைப் பற்றியும் ஒரு வரி வேண்டியிருந்தது. குடிநீர் அவ்வூரின் நெடுநாட் குறை. "குடத்து நீர் குடிப்பதற்கு; கிணற்று நீர் குளிப்பதற்கு" என்றாள். உணவிலே ஒரு முரண்பாடு இருந்தது. கடற்கரைக்கு மீன் உண்ணும் ஆவலோடு வருவோர்க்கு மணநாளன்று அவ்வீட்டில் மரக்கறி உணவே. மீன் மறுநாள். "ஆகவே மீன் வேண்டுவோர் ஒருநாள் கூடுதலாகத் தங்கவேண்டும்" என்று எழுதியபோது வீட்டிலே எல்லோரும் சிரித்தனர். தாளிலே தந்தையார் முழுமனத்தோடு ஏற்ற முதல் வரி அதுவே.

இனி எஞ்சியது மொழி. சிங்களத் தோழியர் இருவர்க்காகத் தாளைச் சிங்களத்திலும் எழுத அவள் தொடங்கினாள். அப்போதுதான் வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது. அவளுடைய அத்தை ஒருத்தி சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள கரையோர ஊரொன்றிலே மணம் முடித்தவள். நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரையுள்ள அக்கரையிலே முன்பு தமிழ் பேசிய ஊர்கள் பல. 20ஆம் நூற்றாண்டிலே பாடசாலை மொழி மாறிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் வேலைக்குரிய மொழியும் சிங்களமே என்றாயிற்று. இரண்டு தலைமுறைக்குள் வீட்டு மொழியும் மாறிற்று. யாரும் யாரையும் நேரில் வற்புறுத்தியதாகச் சொல்வதற்கில்லை. பிள்ளைகள் நன்றாய் வாழவேண்டும் என்று பெற்றோர் எண்ணியதன் விளைவாகவே அது பெரும்பாலும் நிகழ்ந்தது. அத்தையின் பிள்ளைகள் தமிழைச் சிறிது விளங்கிக்கொள்வர்; வாசிக்க அறியார். அவ்வீட்டுக்கு இதுவரை சென்ற அழைப்பிதழ்கள் யாவும் தமிழிலேயே சென்றன. அவை அங்கே படிக்கப்படாமலே சுவரிற் செருகப்பட்டிருந்தன.

சிங்களத் தாளிலே இன்னும் சில பிரதிகள் வேண்டும் என்று அவள் கூறியபோது ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். "எங்கட பிள்ளைகளுக்குமா?" என்று கேட்டார். அவ்வளவே. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலை உரலை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். தம் மகள் வயிற்றுப் பேரருக்குத் தம் வீட்டு அழைப்பைப் பிறமொழியில் அனுப்புவது, அவர்கள் பிறராகிவிட்டனர் என எழுதிக் கொடுப்பதாகவே அம்மூதாட்டிக்குப் பட்டிருக்கவேண்டும். பேத்திக்கோ, படிக்க முடியாத எழுத்திலே அனுப்புவது கதவைச் சாத்திவைத்து வா என்பது போலத் தோன்றிற்று. இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. பல்கலைக்கழக விரிவுரைகளிலே மொழிமாற்றம் என்னும் தலைப்பில் அவள் குறிப்பெடுத்த ஒன்று, வீட்டின் நடுவிலே வந்து அமர்ந்துவிட்டது.

அவள் சிங்களத் தாளை எழுதினாள். ஆனால் அத்தை வீட்டுப் பிரதிகளிலே கற்பிட்டியும் முன்னேசுவரமும் இல்லை. அவற்றை அவர்கள் அறிவர். அவ்விடத்திலே, மணவீட்டில் அவர்கள் காணப்போகும் உறவினர் இன்னின்னார், அவர்களை இன்னவாறு அழைத்தல் வேண்டும் என்று ஒரு பட்டியல் இட்டாள். தமிழ் உறவுச் சொற்களைச் சிங்கள எழுத்திலே எழுதினாள். எழுதும்போதே ஒன்று புலனாயிற்று. அத்தை, சித்தப்பா போன்ற சொற்களுக்கு விளக்கம் வேண்டியிருந்தது. அம்மா, அக்கா, மாமா, ஆச்சி என்பவற்றுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவை இரு மொழிக்கும் பொதுவாய் முன்னரே அங்கு இருந்தன.

மணநாள் வந்தது. தாள் கூறியவாறே எல்லாம் நடந்தன என்று சொல்வதற்கில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்தவர் பத்துளு ஓயாவைக் கடந்து முந்தல் வரை சென்று திரும்பி வந்தனர். கடலிற் குளிக்கலாகாது என்பதை மீறி இருவர் இறங்க, ஊர்ச் சிறுவர் கூச்சலிட்டு அவர்களைக் கரையேற்றினர். மறுநாள் மீனுக்காக எவரும் புறப்படாமலே நின்றனர். ஆகவே பாய்கள் முற்றத்திலே மேலும் ஓர் இரவு விரிந்தன. புறப்படும்போது தோழருட் பெரும்பாலோர் தாம் தங்கிய வீட்டாரின் பெயரைச் சொல்லி விடைபெற்றனர். அட்டனிலிருந்து வந்த ஒருத்தி, தனக்குக் கட்டில் தந்த கிழவியிடம் திரும்பவும் தையிலே வருவதாகக் கூறிச் சென்றாள்.

அத்தையின் மகன் ஒருவன், பதினைந்து வயதினன், கையிலே அத்தாளை மடித்து வைத்திருந்தான். முதியவர் வரிசையாக அமர்ந்திருந்த திண்ணைக்கு வந்து, தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஆச்சி" என்றான். அவர் அவனை அருகே இருத்திக்கொண்டார். அவன் எம்மொழியில் அழைத்தான் என்பதை அங்கிருந்த எவராலும் கூற இயலாது. ஆச்சி அதைக் கேட்கவுமில்லை.

'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிலே புதுமை என்பது பொருள். புதிதாய் வந்தவன் விருந்தினன். அவனுக்கு இடும் உணவு விருந்தெனப்பட்டது பின்னரே. வருபவன் புதியவன் என்பதை வீட்டார் ஒப்புக்கொள்வதும், வீடு தனக்குப் புதியது என்பதை வருபவன் ஒப்புக்கொள்வதும் விருந்தோம்பலின் தொடக்கமாகும். காட்சிப் பொருள்களின் பட்டியல் இதனைச் செய்யாது. நீர் எங்குள்ளது, உறங்குவது யார் கட்டிலில், மூத்தவரை எவ்வாறு அழைப்பது என்னும் சிறு செய்திகளே ஊரைப் புதியவனுக்குத் திறந்துவிடுகின்றன. சில வேளைகளில் அவ்வூரின் சொந்தப் பிள்ளைகளே புதியவராய் வந்து நிற்பதும் உண்டு. அவர்களுக்கும் ஒரு தாள் வேண்டும். அவர்கள் படிக்கக்கூடிய எழுத்திலே வேண்டும். அழைப்பிதழின் பொன்னெழுத்துக்கள் அதற்குப் போதா.